ஈ, தா, கொடு: வகுப்பறைப் பேச்சும் பரிமாற்றப் பகுப்பாய்வும்

ஒருவரிடம் ஒரு பொருளைக் கேட்பதற்குத் தமிழில் மூன்று சொற்கள் உண்டு என்று தொல்காப்பியர் சொல்லதிகாரத்தின் எச்சவியலில் குறிக்கின்றார். தாழ்ந்தோன் உயர்ந்தோனிடம் கேட்குங்கால் 'ஈ' என்பான்; ஒத்தோன் ஒத்தோனிடம் 'தா' என்பான்; உயர்ந்தோன் தாழ்ந்தோனிடம் 'கொடு' என்பான். மூன்று சொல்லுக்கும் பொருள் ஒன்றே. கைமாறும் பண்டமும் ஒன்றே. ஆயினும், கேட்பவன் தன்னை எங்கே நிறுத்திக்கொள்கிறான், எதிரே நிற்பவனை எங்கே நிறுத்துகிறான் என்பதைச் சொல்லே காட்டிவிடுகிறது. இந்நூற்பாக்களைக் கற்பிக்கும் ஆசிரியர்கள் பெரும்பாலும் இவற்றை இலக்கண மரபு என்ற அளவில் விளக்கிவிட்டு அப்பாற் செல்வர். ஆனால் இவை இலக்கணத்தோடு நின்றுவிடும் செய்தி அல்ல. இருவர் பேசிக்கொள்ளும்போது, சொல்லோடு சேர்ந்து வேறொன்றும் கைமாறுகிறது என்னும் உண்மை இவற்றுள் அடங்கியிருக்கிறது.

அந்த 'வேறொன்றை'யே ஆராய்ச்சிப் பொருளாக எடுத்துக்கொண்ட மனமருத்துவ முறை ஒன்று இருபதாம் நூற்றாண்டில் தோன்றியது. 'டிரான்சாக்‌ஷனல் அனாலிசிஸ்' என்று உலகில் வழங்கும் அதனைத் தமிழில் பரிமாற்றப் பகுப்பாய்வு எனலாம். மருத்துவமனையில் தோன்றிய இம்முறை, பின்னர்ப் பள்ளிக்கூடத்திற்கும் வந்து சேர்ந்தது. இன்று இத்துறையினர் தம் பயிற்சியை உளமருத்துவம், ஆலோசனை, கல்வி, நிறுவனம் என நான்கு களங்களாகப் பிரித்திருக்கின்றனர். இவற்றுள் கல்வி என்னும் களத்தையும், அதற்கும் மருத்துவத்திற்கும் இடையேயுள்ள எல்லையையும் ஈண்டு நோக்குவோம்.

இதனை உருவாக்கியவர் எரிக் பெர்ன். கனடாவின் மாண்ட்ரியால் நகரில் 1910இல் பிறந்தவர், மருத்துவரின் மகன், தாமும் மருத்துவம் பயின்று, அமெரிக்கா சென்று மனமருத்துவரானவர். பிராய்டு வழிவந்த உளப்பகுப்பாய்வில் பல ஆண்டு பயின்றும், 1956இல் சான் பிரான்சிஸ்கோ உளப்பகுப்பாய்வுக் கழகம் அவரை ஏற்க மறுத்துவிட்டது. அம்மறுப்பு அவருக்கு நன்மையாகவே முடிந்தது என்று சொல்ல வேண்டும். அடுத்த ஆண்டே தம் கொள்கையின் தொடக்கக் கட்டுரைகளை வெளியிட்டார். 1961இல் முறையான நூல் ஒன்று வந்தது. 1964இல் 'கேம்ஸ் பீப்பிள் ப்ளே', அதாவது 'மக்கள் ஆடும் ஆட்டங்கள்', வந்தது; துறையினருக்காக எழுதப்பட்ட அந்நூலைப் பொதுமக்களும் பெருந்தொகையாக வாங்கிப் படித்தனர். 1970இல் அவர் மறைந்தார்.

ஒருவருக்குள் மூவர்

பெர்னிடம் மருத்துவத்திற்கு வந்த ஒரு வழக்கறிஞர், சிறுவன் ஒருவனின் கதையைச் சொன்னார். எட்டு வயதுச் சிறுவன், விடுமுறைக்குப் பண்ணை ஒன்றில் தங்கியிருக்கிறான். மாடு மேய்க்கும் வீரர்களைப்போல் உடுத்துக்கொண்டு, குதிரைச் சேணத்தைக் கழற்றும் பணியாளுக்கு உதவுகிறான். அந்த ஆள், தன் தொழிலைச் சேர்ந்தவனை விளிப்பதுபோல் அவனை விளித்து நன்றி கூறுகிறான். சிறுவனோ, தான் அத்தொழிலைச் சேர்ந்தவன் அல்லன், வெறும் சிறுபையன் என்று விடை கூறுகிறான். இதைச் சொல்லி முடித்த வழக்கறிஞர், தாமும் அப்படியே உணர்வதாகவும், சில வேளைகளில் தாம் வழக்கறிஞரே அல்லர், சிறுபையன்தான் என்று தோன்றுவதாகவும் கூறினார். நீதிமன்றத்தில் திறமையாக வாதிடுபவரும் அவரே. சிறுபிள்ளைபோல் சூதாடிப் பணத்தை இழப்பவரும் அவரே. பேசும் நேரத்தில், 'இப்போது பேசுவது வழக்கறிஞரா, சிறுவனா?' என்று கேட்டு அறியலாம் என்பதைப் பெர்ன் கண்டார்.

இவ்விருவரோடு மூன்றாமவர் ஒருவரும் உண்டு என்பது பின்னர்ப் புலனாயிற்று: அவர் அவ்வழக்கறிஞரின் தந்தையைப்போல் பேசுபவர். இங்ஙனம் ஒவ்வொருவருக்குள்ளும் மூன்று தன்னிலைகள் உள்ளன என்பது கொள்கையின் அடிப்படை. வளர்த்தவர்களிடம் கண்டும் கேட்டும் பதிந்துபோன சொல்லும் செயலும் எண்ணமும் 'பெற்றோர் நிலை'. சிறுவயதில் தாம் உணர்ந்ததும் நடந்துகொண்டதும் அப்படியே மீண்டு வருவது 'குழந்தை நிலை'. இப்போது, இவ்விடத்தில் உள்ள செய்தியைப் பார்த்து எடைபோட்டு நடப்பது 'வளர்ந்தோர் நிலை'. இதனைப் 'பெரியவர் நிலை' என மொழிபெயர்ப்பாரும் உளர். ஆனால் தமிழில் பெரியவர் என்றதும் அறிவுரைதான் நினைவுக்கு வருகிறது! ஆகவே 'வளர்ந்தோர்' என்பதே குழப்பம் தராதது.

ஒன்றை மனத்திற் கொள்ள வேண்டும். இம்மூன்றும் வயதைக் குறிப்பன அல்ல. பதவியைக் குறிப்பனவும் அல்ல. மூன்றாம் வகுப்புச் சிறுமி தன் தம்பியை இடுப்பில் கைவைத்து அதட்டும்போது பெற்றோர் நிலையில் நிற்கிறாள். உடைந்த பென்சிலை எப்படிச் சீவுவது என்று பார்க்கும்போது வளர்ந்தோர் நிலையில் நிற்கிறாள். ஐம்பது வயது ஆசிரியர், மாவட்டக் கல்வி அலுவலகத்திலிருந்து தொலைபேசி மணி அடித்தவுடன் குழந்தை நிலைக்குப் போய்விடுதலும் உண்டு.

'மணி என்ன?'

ஒருவர் ஒரு நிலையிலிருந்து பேச, மற்றவர் ஒரு நிலையிலிருந்து விடை கூற, இவ்விரண்டும் சேர்ந்து ஒரு பரிமாற்றம் ஆகிறது. பேசியவர் எதிர்பார்த்த நிலையிலிருந்தே விடை வருமானால் பேச்சு தடையின்றித் தொடரும். அதனை இணைப் பரிமாற்றம் என்பர். வேறொரு நிலையிலிருந்து வருமானால் பேச்சு முறிந்துபோகும். அது குறுக்குப் பரிமாற்றம். மேலே ஒரு செய்தியும் உள்ளே ஒரு செய்தியுமாகச் செல்வது மறைமுகப் பரிமாற்றம்.

எடுத்துக்காட்டாக ஒரு வகுப்பை எண்ணிக்கொள்வோம். பாடம் தொடங்கி இருபது நிமிடம் கழித்து நான்காம் ஆண்டு மாணவன் ஒருவன் வாயிலில் வந்து நிற்கிறான். ஆசிரியர் கரும்பலகையிலிருந்து திரும்பி, "மணி என்ன?" என்கிறார். எழுத்தில் பார்த்தால் இது செய்தி கேட்கும் வினா. வளர்ந்தோர் நிலை வினா. ஆனால் ஆசிரியரின் கையிலேயே கடிகாரம் இருக்கிறது. அவர் அனுப்பியது பெற்றோர் நிலையிலிருந்து குழந்தை நிலைக்கு ஒரு கண்டனம். மாணவன் தலைகவிழ்ந்து, "மன்னிச்சிடுங்க, ஐயா" என்றால் பரிமாற்றம் இணைந்துவிடும். அவன் போய் அமர்வான். மாறாக, அவன் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "எட்டு மணி, ஐயா" என்று சொன்னால் என்னவாகும்? "என்னடா, எதிர்த்தா பேசுற?" என்று ஆசிரியரின் குரல் உயரும். பையன் எதிர்த்துப் பேசவில்லை. கேட்ட வினாவுக்கு விடை சொன்னான். வினாவின் மேற்பகுதிக்கு விடை சொன்னதே அவன் செய்த குற்றம்!

தமிழாசிரியருக்கு இதில் வியப்பு ஏதும் இராது. அறிவினா, அறியாவினா, ஐயவினா, கொளல்வினா, கொடைவினா, ஏவல்வினா என்று வினாவை ஆறாகப் பகுத்தது நம் இலக்கணம். வினா வடிவில் வருவதெல்லாம் அறியாமையால் கேட்பது அன்று என்பதை அப்பகுப்பே சொல்கிறது. கண்டனத்தை வினாவாக்கும் வழக்கத்திற்கு அதில் ஓர் இடம் ஒதுக்கப்படவில்லை. வகுப்பறையிலோ அதுவே மிகுதியாக வழங்குகிறது.

அதே ஆசிரியர், "வேன் இன்றைக்கு எத்தனை மணிக்கு வந்தது?" என்று கேட்டிருந்தால் வேறு பேச்சு பிறந்திருக்கும். வேன் சரியாகத்தான் வந்தது என்பதும், தாய் இரவு வேலை முடிந்து தொழிற்சாலையிலிருந்து திரும்பவில்லை என்பதும், தங்கைக்குத் தலைவாரிப் புறப்படுவதற்குள் வேன் போய்விட்டது என்பதும் தெரியவரக்கூடும். அல்லது அவன் தூங்கிவிட்டான் என்பதுதான் தெரியவரும். எதுவாயினும் அது செய்தி. செய்தி கிடைத்தபின் கண்டிப்பதா, விடுவதா, தாயை அழைத்துப் பேசுவதா என்பதை ஆசிரியர் முடிவு செய்யலாம். கண்டிப்பே கூடாது என்று இக்கொள்கை சொல்லவில்லை. தீயைத் தொடப் போகும் பிள்ளையிடம் வினாக் கேட்டுக்கொண்டிருக்க முடியுமா? வளர்ந்தோர் நிலை செய்வதெல்லாம், எந்த நிலையிலிருந்து பேசுவது இப்போது தக்கது எனத் தெரிந்து தேர்வதே.

இனி, தமிழுக்கே உரிய சிக்கல் ஒன்று. ஆங்கிலத்தில் 'யூ' என்ற ஒரே சொல் எல்லாருக்கும் பொது. தமிழில் நீ, நீங்கள், வா, வாங்க, வாருங்கள், வாடா, வாம்மா என எத்தனை படிகள்! வாயைத் திறந்தவுடனே இருவரின் இடமும் குறிக்கப்பட்டுவிடுகிறது. ஆகவே தமிழில் ஒத்தோர் பேச்சுக்கே இடமில்லை என்று சிலர் முடிவு கட்டிவிடுவர். அது பிழை. 'டா' என்னும் ஈறு இழிவாகவும் வரும், கொஞ்சலாகவும் வரும். "ஏன்டா அழுற, வாடா கண்ணு" என்பதில் உள்ள 'டா' அணைக்கும் பெற்றோர் நிலையினது. நண்பர் இருவர் பேச்சில் வரும் 'டா' களிக்கும் குழந்தை நிலையினது. மறுபுறம், "மகாராஜா இப்போதுதான் எழுந்தருளுகிறீர்களோ?" என்பதில் மரியாதைக்குக் குறைவே இல்லை, ஆனால் அதைவிடக் கூர்மையான அடி வேறு இல்லை. சொல்லை மட்டும் வைத்துத் தன்னிலையைக் கணிக்கலாகாது எனப் பெர்னும் எச்சரித்தார். குரலும் முகமும் கையசைவும் ஒரு சான்று. எதிரே நிற்பவர் எந்த நிலையில் விடை தருகிறார் என்பது மற்றொரு சான்று. இளமையில் அப்படிப் பேசியவர் எவர் என்பது மூன்றாவது. பேசுபவர் தாமே அந்த இளமையை மீண்டும் உணர்தல் நான்காவது. மேனாட்டு நூல்களைப் படித்த ஓர் இளம் ஆசிரியர், கண்ணைத் தாழ்த்தி நிற்கும் தமிழ்ப் பிள்ளையைக் கண்டவுடன் 'அடங்கிப்போன குழந்தை நிலை' என்று குறித்துக்கொண்டால் அவர் ஏமாந்துபோவார். மூத்தோர்முன் கண் தாழ்த்துதல் இங்கு நடைமுறை மரியாதை. உள்ளே அப்பிள்ளை தெளிவாகச் சிந்தித்துக்கொண்டிருக்கலாம்.

'கொடு' பற்றித் தொல்காப்பியர் கூறும் இன்னொரு நுட்பமும் இங்கு நினையத்தக்கது. 'கொடு' படர்க்கைக்கு உரிய சொல்லாயினும், பேசுவோன் தன்னைப் பிறன்போல் கூறுமிடத்துத் தன்மைக்கும் வரும் என்பார் அவர். இது பழங்கால வழக்கு என்று ஒதுக்கிவிட வேண்டா. "நோட்டை டீச்சர்கிட்ட கொடு", "ஐயா என்ன சொன்னேன்?" என்று இன்றும் ஆசிரியர்கள் தம்மைத் தாமே பிறர்போல் குறித்துப் பேசுகின்றனர். 'நான்' என்பவர் மறைந்து, 'ஐயா' என்னும் பதவி பேசுகிறது. தன்மை இடத்தை விட்டு விலகிப் பெற்றோர் நிலையில் ஏறிக்கொள்வதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டுமா? இதற்கு மாறாக, பிரிக்பீல்ட்ஸ் உணவகத்தில், "அண்ணே, ஒரு தே தாரிக் தாங்க" என்பவரின் வாயில் 'தா' இன்னும் உயிரோடு இருக்கிறது. முறைப்பெயரும் உண்டு, மரியாதை ஈறும் உண்டு. ஆயினும் கேட்பவரும் தருபவரும் ஒத்தோர்.

வருடலும் ஆட்டமும்

ஒருவர் மற்றவரைக் கண்டுகொண்டதற்கு அறிகுறியாகத் தரும் எதனையும் பெர்ன் 'வருடல்' என்றார். பார்வை, புன்னகை, பெயர் சொல்லி அழைத்தல், திட்டு, அடி எல்லாம் இதில் அடங்கும். இதற்கு அவர் ரெனே ஸ்பிட்ஸ் என்னும் மருத்துவரின் ஆய்வைத் துணைக்கொண்டார். ஊட்டமும் தூய்மையும் குறையாத விடுதிகளிலும், தூக்கிக் கொஞ்சுவார் இல்லாத கைக்குழந்தைகள் நலிந்துபோவதை ஸ்பிட்ஸ் 1945இல் வெளியிட்டார். பசிக்கு உணவு போல மனத்திற்கு வருடல் வேண்டும்; நல்லது கிடைக்காதபோது கெட்டதையாவது தேடிப் பெறும். வகுப்பில் ஓயாமல் குறும்பு செய்து வசை வாங்கும் பிள்ளையை இக்கண்கொண்டு நோக்கினால், அவன் 'திருந்தாதவன்' அல்லன், பசித்தவன் என்பது விளங்கும். அமைதியாக எழுதிக்கொண்டிருந்த பத்து நிமிடம் எவரும் அவனைப் பார்க்கவில்லை; மேசையைத் தட்டிய நொடியில் அவன் பெயர் வகுப்பெங்கும் ஒலித்தது.

வருடலிலும் நிபந்தனையுள்ளது, நிபந்தனையற்றது என இருவகை உண்டு. மலேசியத் தமிழ்ப்பள்ளிகள் 2021இல் நிறுத்தப்பட்ட யு.பி.எஸ்.ஆர். தேர்வின் காலத்தில், எல்லாப் பாடத்திலும் 'ஏ' பெற்ற பிள்ளைகளின் படங்கள் நாளிதழ்களில் வரிசையாக வந்தன. அது நல்ல வருடலே. ஆனால் முழுதும் நிபந்தனையுள்ளது. படம் வராத பிள்ளைக்கு அந்த ஆண்டு முழுவதும் என்ன கிடைத்தது என்பதைப் பள்ளிகள் கணக்கெடுத்ததில்லை.

வருடலுக்காக மக்கள் தம்மை அறியாமலே திரும்பத் திரும்ப நடத்தும் மறைமுகப் பரிமாற்றத் தொடரே 'ஆட்டம்'. முடிவு எப்போதும் கசப்பு. பெர்ன் முதலில் கண்ட ஆட்டம் 'ஆமாம், ஆனால்' என்பது. ஆசிரியர் அறையில் இதனை நாள்தோறும் காணலாம். ஒருவர் தம் வகுப்பின் தொல்லையைச் சொல்வார். மற்றவர்கள் வழி சொல்வார்கள். ஒவ்வொன்றுக்கும், "ஆமாம், ஆனால் என் வகுப்பில் அது நடக்காது" என்பார். இறுதியில் எல்லாரும் வாயடைத்துப் போவர். அவர் கேட்டது வழி அன்று; வழியே இல்லை என்னும் உறுதிமொழி! மாணவரிடத்து மிகுதியாகக் காணப்படுவது 'முட்டாள்' ஆட்டம். "எனக்கு மண்டையில ஏறாது, டீச்சர்" என்று சொல்லிச் சிரிக்கும் பிள்ளை, ஆசிரியரையே, "உனக்கு மூளையே இல்லையா?" எனச் சொல்ல வைக்கும். சொல்லிவிட்டால் பிள்ளைக்கு வேலை முடிந்தது, இனி முயலவேண்டியதில்லை. பள்ளி ஆட்டங்களை மட்டும் தொகுத்துக் கென் எர்ன்ஸ்ட் என்பார் 1972இல் ஒரு நூலே எழுதினார்.

ஆட்டக்காரர் ஏற்கும் வேடங்கள் மூன்று என்று 1968இல் ஸ்டீபன் கார்ப்மன் காட்டினார்: வதைப்பவர், காப்பவர், வதைபடுபவர். ஒரு முக்கோணத்தின் மூன்று முனைகளைப் போல ஒருவர் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவிக்கொண்டே இருப்பார். தமிழ்ப்பள்ளியின் பழைய காட்சி ஒன்று இதற்கு நன்கு பொருந்தும். தந்தை மகனைக் கையைப் பிடித்து இழுத்துவந்து, "கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிடுங்க, வாத்தியாரே" என்பார். மகனைக் காக்க வந்தவர் அவர். வதைக்கும் பணியை ஆசிரியரிடம் ஒப்படைக்கிறார். ஆசிரியர் பிரம்பைக் கையில் எடுத்தார் என்றால், சில நாளில் அதே தந்தை தழும்பைக் காட்டிக்கொண்டு வருவார். அப்போது வதைபடுபவர் ஆசிரியர். மலேசியாவில் 1959ஆம் ஆண்டுப் பள்ளிக் கட்டொழுங்கு விதிகள், பிரம்படியைத் தலைமையாசிரியரோ அவர் அதிகாரம் அளித்தவரோதான் கொடுக்கலாம் என்றும், பெண்பிள்ளைகளை அடிக்கவே கூடாது என்றும் வரையறுத்தன. ஆயினும் "அடியாத மாடு படியாது" என்னும் பழமொழி அவ்விதிகளைவிட மூத்தது, வலியதும்கூட.

அக்குரல் எவருடையது?

மேற்கண்ட பழமொழி ஆசிரியரின் தந்தையிடமிருந்து மட்டும் வந்ததா? ஒருவரின் பெற்றோர் நிலையை ஆராயும் மருத்துவர் குடும்பத்தோடு நின்றுவிடலாம். ஒரு சமுதாயத்தின் பள்ளியை ஆராய்பவர் அப்படி நிற்க முடியாது. இக்குறையை நிரப்பியவர் இந்தியரே. கேரளத்தில் ஜார்ஜ் கண்டத்தில் என்னும் பாதிரியார் 1970களில் இம்முறையை இந்தியாவில் பரப்பினார். கொச்சியில் அதற்கெனப் பயிற்சி நிலையம் எழுந்தது. பின்னர்க் கோயம்புத்தூரும் ஒரு மையமாயிற்று. புதுதில்லியைச் சேர்ந்த பேர்ல் டிரேகோ 1983இல் 'பண்பாட்டுப் பெற்றோர்' என்னும் கருத்தை வெளியிட்டார். ஒவ்வொரு மனிதருக்குள்ளும் தாய்தந்தையர் குரல் இருப்பதுபோல், தலைமுறை தலைமுறையாய் வந்த சமுதாயத்தின் குரலும் குடியிருக்கிறது. சாதி, பெண்ணடிமை, ஆண்டான் அடிமை முறை எல்லாம் அதன் வழியே பிள்ளைகளுக்குள் புகுகின்றன என்பது அதன் சாரம்.

கிள்ளான் பள்ளத்தாக்கில் அக்குரலுக்கு ஒரு முகவரி உண்டு. அது இரப்பர்த் தோட்டம். துரை கிராணியை ஏவினார். கிராணி கங்காணியை ஏவினார். கங்காணி தொழிலாளியை ஏவினார். பேச்சு மேலிருந்து கீழாகவே ஓடியது. வீடு, மருந்து, கள்ளுக்கடை, பிள்ளை பார்க்க ஆயாக் கொட்டகை எல்லாம் தோட்டமே அளித்தது. பதிலுக்கு நரை கண்ட தொழிலாளியையும் சிறுபிள்ளையாகவே நடத்தியது. அவர் தம் அதிகாரத்தைச் செலுத்த எஞ்சிய இடம் லயத்து வீடு ஒன்றே. பள்ளிக்கூடமும் தோட்டத்தினுடையதே. பத்துப் பிள்ளைகளுக்குக் குறையாத தோட்டங்கள் பள்ளி வைக்கவேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் வற்புறுத்தியபோது, பல இடங்களில் கங்காணியோ கிராணியோ எழுத்தறிந்த ஒரு தொழிலாளியோதான் ஆசிரியராக அமர்ந்தார். காலையில் பெரட்டில் ஒலித்த குரலே பின்னர் வகுப்பிலும் ஒலித்தது. அதைத் தமிழாசிரியரின் இயல்பான குரல் என்று நாம் மயங்கிவிடலாகாது.

அந்த ஏற்பாட்டைத் தொழிலாளர்கள் ஒருமுறை குறுக்கே வெட்டினார்கள். 1941இன் முற்பாதியில் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பெரும் வேலைநிறுத்தம் மூண்டது. கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தின் ஆர். எச். நாதன் முன்னின்றார். சீனத் தொழிலாளருக்கு ஒத்த கூலி, கள்ளுக்கடை ஒழிப்பு, பிள்ளைகளுக்குத் தக்க கல்வி என்பன கோரிக்கைகளுள் இருந்தன. அவற்றோடு இன்னொன்றும் இருந்தது: துரைமாரையும் அலுவலரையும் எதிரே கண்டால் மிதிவண்டியிலிருந்து இறங்கி நிற்கவேண்டும் என்னும் கட்டாயம் நீங்க வேண்டும். கூலி உயர்வு கேட்டவர்கள் இதை ஏன் சேர்த்தார்கள்? மிதிவண்டியிலிருந்து இறங்குவதால் ஒரு காசும் குறைவதில்லை. ஆனால் நாள்தோறும், சொல் ஒன்றும் இல்லாமலே, 'நான் பெற்றோன், நீ பிள்ளை' என்று சொல்லப்பட்டது. இறங்குகிறவர் 'ஆம்' என்று விடை சொல்லவேண்டியிருந்தது. இறங்காமல் செல்லும் உரிமை என்பது 'ஈ' என்பதை விட்டுத் 'தா' என்று கேட்கும் உரிமை. பெர்ன் அப்போது தம் கொள்கையை எழுதத் தொடங்கவே இல்லை. நாதன் மே மாதத்தில் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார், படை வரவழைக்கப்பட்டது, தொழிலாளர் சிலர் உயிரிழந்தனர். அதிகாரம் படைத்தவர்களுக்குக் குறுக்குப் பரிமாற்றம் எவ்வளவு கசக்கும் என்பதற்கு வகுப்பறையில் 'எட்டு மணி, ஐயா' சிறு சான்று; கிள்ளான் பெருஞ்சான்று.

இன்று அத்தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறிவிட்டன. தோட்டம் போனபின்னும் பள்ளி அதன் பெயரைத் தாங்கி நகரத்தில் நிற்பதைச் சிலாங்கூரில் காணலாம். குரலும் அவ்வாறே பெயர்ந்து வந்திருக்கிறது. தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு பயின்று தேசிய இடைநிலைப் பள்ளிக்கோ புகுமுக வகுப்புக்கோ செல்லும் பிள்ளை, அங்கு வேற்று மொழியில், தன்னை அறியாத ஆசிரியரிடம், "எனக்கு இது புரியவில்லை, மீண்டும் சொல்லுங்கள்" என்று கேட்கவேண்டும். அது வளர்ந்தோர் நிலை வாக்கியம். ஆறாண்டில் அதனை ஒருமுறையேனும் தமிழில் சொல்லிப் பழகாத பிள்ளை, அதை மலாயில் எங்ஙனம் சொல்லும்? வாயை மூடிக்கொண்டு பின்வரிசைக்குப் போகும். அல்லது எதிர்த்து நின்று வெளியேறும். இரண்டும் குழந்தை நிலைதான்.

ஆசிரியர் மருத்துவர் அல்லர்

இம்முறையைப் படித்தவுடன் மாணவரின் உள்ளத்தைத் திறந்து பார்க்கும் ஆவல் சிலருக்கு எழும். அது ஆகாது. பெர்ன் வழிவந்த மருத்துவம் உடன்பாட்டின்மேல் நிற்பது. வருபவர் எதனை மாற்றிக்கொள்ள விரும்புகிறார் என்பதைத் தெளிவாகச் சொல்ல, மருத்துவரும் இசைந்து, இருவரும் தொடங்குவர். சிறுவயதில் ஒருவர் தமக்குத் தாமே எழுதிக்கொண்ட 'வாழ்க்கைக் கதை'யை மீண்டும் எடுத்துப் பார்த்து மாற்றுவது அம்மருத்துவத்தின் ஆழமான பகுதி. பல ஆண்டுப் பயிற்சியும் மேற்பார்வையும் பெற்றவருக்கு உரியது. உடன்பாட்டையும் எல்லையையும் மறந்தால் விளைவது யாது என்பதற்கு இத்துறையின் வரலாற்றிலேயே துயரச் சான்று உண்டு. நோயாளிகளுக்குப் புதிய பெற்றோராகித் தாமே மீண்டும் வளர்ப்பதாகக் கூறிய அமெரிக்கக் குழுவொன்றில், தண்டனையின் விளைவாக 1972இல் இளைஞர் ஒருவர் உயிரிழந்தார். பெற்றோர் நிலையைப் பற்றி எல்லாம் அறிந்தவர்களே அந்நிலையில் சிக்கிக்கொண்டனர்!

மலேசியாவில் 1998ஆம் ஆண்டு ஆலோசகர் சட்டம், பதிவு பெறாதவர் தம்மை ஆலோசகர் என்று சொல்லிக்கொள்வதைத் தடுக்கிறது. வீட்டில் அடிபடும் பிள்ளையையோ, வாழ்வே வெறுத்தாற்போல் பேசும் பிள்ளையையோ கண்டால், உரியவரிடம் உடனே சேர்ப்பித்தலே ஆசிரியரின் கடமை. தெரிந்த அரைகுறைச் சொற்களால் பகுப்பாய்வு செய்தல் அன்று. 'நீ இப்போது குழந்தை நிலையில் இருக்கிறாய்' என்று மாணவனிடமோ மனைவியிடமோ சொல்பவர், தாம் பெற்றோர் நிலையில் ஏறிவிட்டதை அறியார். மாணவருக்கு முத்திரை குத்துவதற்கு ஏற்கெனவே நம்மிடம் சொற்கள் போதிய அளவு உள்ளன.

ஆசிரியர் பகுத்தாய வேண்டியது தம் பேச்சை. இதற்குப் பெரிய ஏற்பாடு எதுவும் வேண்டா. ஒரு பாட வேளை முழுதும் தம் கைப்பேசியில் தம் குரலை மட்டும் பதிவு செய்து, மாலையில் தனியே அமர்ந்து கேட்கலாம். ஒரு தாளை மூன்று பத்தியாகப் பிரித்து, ஏவல் எத்தனை, செய்தி எத்தனை, வினா எத்தனை என்று கோடிட்டுக்கொண்டே போகலாம். பிறகு வினாப் பத்தியை மட்டும் எடுத்து, இரண்டாம் முறை கேட்கவேண்டும். 'எத்தனை தடவை சொல்வது?', 'இது வீடா, பள்ளிக்கூடமா?', 'காது எங்கே இருக்கிறது?' என்பவற்றை வினாக் கணக்கிலிருந்து நீக்கி, உண்மையில் விடை தெரியாமல் மாணவரிடம் கேட்டவற்றை மட்டும் விடவேண்டும். அப்பத்தியில் எத்தனை கோடு எஞ்சுகிறது என்பதைப் பயிற்சிக் கல்லூரியில் எவரும் எண்ணிக் காட்டியதில்லை.